தள்ளிப்போட்ட பசி

சுபிக்ஷாவின் நிழலுரு தொண்ணூற்றேழு கிலோ எடை காட்டியது. அதன் அருகில் நின்ற சுபிக்ஷா அறுபத்து மூன்றுதான் இருந்தாள்.

வட்டப் பலகையின் மேல் ஒளியால் எழுந்து நின்ற அந்த உருவத்தை அவள் ஒரு முறை சுற்றி வந்து பார்த்தாள். மரபணுவையும் நான்கு தலைமுறைக் குடும்ப வரலாற்றையும் கொண்டு, ஒருவர் எந்த வயதில் எந்த உடம்போடு இருப்பார் என்று மரபுக் கணிப்பு ஆணையம் வரைந்து வைத்திருக்கும் சித்திரம் அது. நாட்டில் ஒவ்வொருவருக்கும் அப்படியொன்று உண்டு. பெரும்பாலோர் ஏறக்குறைய அதன் அளவுக்கே வளர்ந்து, அதன் அளவுக்கே பெருத்து, அது சொன்ன நோயிலேயே படுக்கிறார்கள். முப்பத்தாறு வயதுச் சுபிக்ஷா எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி இருந்தது அந்த நிழலுரு: தடித்த கழுத்து, இருபுறமும் சரிந்த இடுப்பு, மூச்சு வாங்குவதுபோல் சற்றே திறந்த வாய்.

"அப்ப மிச்சம் முப்பத்தி நாலு கிலோவ நான் எங்க மேடம் வச்சிருக்கேன்? பீரோவுல பூட்டி வச்சிருக்கேனாக்கும்?"

ஆதிரை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆணையத்தின் மதுரை அலுவலகத்தில் விலகல் ஆய்வாளராகப் பதினோரு ஆண்டுகளாக இருப்பவள். கணிப்பை விட்டு விலகிய உடம்புகளைத் தேடிப் போய், விலகியது எதனால் என்று எழுதுவது அவள் வேலை. பெரும்பாலும் காரணம் ஒரு மருந்துச் சீட்டாகத்தான் இருக்கும். இங்கே இரத்தச் சோதனையில் எந்த மருந்தும் இல்லை. இரண்டரை ஆண்டுகளில் இவ்வளவு எடையை ஒரு பெண் எங்கே, எப்படி இறக்கி வைத்தாள் என்பதை அறிய, அலுவல் கட்டாயத்தையும் மீறிய ஆவல் அவளுக்குள் எழுந்திருந்தது.

"உங்களைச் சந்தேகப்படலைங்க. மருந்துல குறைஞ்ச எடை, நிறுத்தினா திரும்பிடும். உங்க ஈரல்ல பாதிக்கு மேல வெட்டி அண்ணனுக்குக் கொடுக்கப் போறீங்க. அதுக்கப்புறம் எடை திரும்பி, ஈரல்ல கொழுப்பு படிஞ்சா, மிச்சம் இருக்கறது உங்களுக்கே பத்தாது. அதனாலதான் ஆஸ்பத்திரிக் குழு இன்னைய உடம்பைப் பாக்கறதில்லை, கணிப்பைப் பாக்குது."

"கண்ணு முன்னாடி நிக்கிற ஆள விட்டுட்டு?"

"விலகல் நிலையானதுன்னு நான் சான்று கொடுத்தா உங்களைப் பாப்பாங்க."

விருதுநகர் ரயில்வே கேட்டை ஒட்டிய எண்ணெய்ப் பரோட்டாக் கடையின் பின்கட்டே குடும்பத்தின் வீடு; ஆதிரை கருவியோடு வந்திருந்தது அங்கேதான். சுபிக்ஷா கடைக்குச் சால்னா வைப்பவள்; கல்லில் நின்று பரோட்டா போடுபவன் அண்ணன் சர்வேஷ். இப்போது கல்லில் சம்பளத்துக்கு வேறொருவர் நின்றார். சர்வேஷ் உள்ளறைக் கட்டிலில், வயிறு நீர் கோத்து உப்பி, கண்கள் மஞ்சள் பாய்ந்து, சுவரில் சாய்ந்தபடி கடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஐப்பசி பிறந்திருந்தது. பொங்கல் வரை தாங்கும் என்றார் மருத்துவர். பொருந்துகிற ஈரல் இந்த உலகத்தில் அவன் தங்கையிடம் மட்டுமே இருந்தது.

அவன் தலைக்கு மேல் நான்கு படங்கள் மாலையோடு தொங்கின. கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, அம்மா. நான்கிலும் தோள்கள் சட்டகத்துக்குள் அடங்காமல் இருபுறமும் வெட்டுப்பட்டிருந்தன. குடும்ப வரலாறு என்று ஆணையத்தின் கோப்பு எதைச் சொல்கிறதோ, அது அந்தச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது.

"டீ சாப்பிடுங்க மேடம்," என்றாள் சர்வேஷின் மனைவி தர்ஷினி.

"ஆய்வுக்குப் போற இடத்துல எதுவும் சாப்பிடக் கூடாதுங்க. விதி."

கட்டிலிலிருந்து சர்வேஷ் சிரித்தான். "எனக்குத் தெரிஞ்சு எங்க கடைக்கு வந்துட்டு வெறும் வயித்தோட திரும்பிப் போற மொத ஆளு நீங்கதான். எங்க கொள்ளுத்தாத்தா கேட்டா மாலையக் கழத்தி வச்சுட்டு எறங்கி வந்துருவாரு."

மூன்று நாள் ஆதிரை அந்த வீட்டோடு இருந்தாள். சுபிக்ஷா எழுந்தது முதல் படுக்கும் வரை அவளைத் தொடர்ந்தாள். அவள் எதிர்பார்த்த பெரிய காரியம் எதுவும் அங்கே நடக்கவில்லை. காலையில் சுபிக்ஷா இரண்டு கிலோமீட்டர் நடந்து பஜாருக்குப் போய், வெங்காய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே திரும்பினாள். மதியம் சோறு தின்றாள். குழம்பும் பொரியலும் எல்லோருக்கும் வைத்ததுதான். சால்னா கொதிக்கும்போது கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி உப்புப் பார்த்தாள்.

"அம்மா டம்ளர்ல ஊத்திக் குடிச்சுத்தான் உப்பு பாக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டு டம்ளர் ஆயிரும். நானும் அப்படித்தான் இருந்தேன். டம்ளர விட்டதுல மட்டும் மூணு கிலோ போச்சு."

"மத்தது?"

"ரெண்டு தடவ குறைச்சு ரெண்டு தடவயும் ஏத்திக்கிட்டேன் மேடம். பட்டினி கெடந்தேன், தேன் குடிச்சேன், வீட்டுல எல்லாரும் தூங்குனப்பறம் பிரிஜ்ஜத் தொறந்து நின்னேன். மூணாவது தடவ ஒண்ணே ஒண்ணுதான் மாத்துனேன். அதுக்குத்தான் எங்கண்ணன் ஆறு மாசம் எங்கூடப் பேசல."

அது என்னவென்று அன்று மாலை ஆதிரை தானே கண்டாள். ஆறரை மணி. கடை முன்னால் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. சுபிக்ஷா அடுக்களை ஓரத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு சோளத் தோசையும் கீரைக் கடைசலும் தட்டில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அவசரமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள். தர்ஷினி கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"ஏன் கதவைச் சாத்தறீங்க?"

தர்ஷினி உள்ளறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கிருந்து சர்வேஷின் குரல் வந்தது. "வெளிய நாலு பேரு பசியோட நிக்கிறாக. கடைக்காரி உள்ள உக்காந்து தின்னா நல்லாவா இருக்கும்? எங்க கொள்ளுத்தாத்தா காலத்துல, வீட்டாளுக மொதல்ல சாப்பிட்டு, மாவு தீந்து, ஒரு லாரிக்காரரு வெறும் வயித்தோட போனாராம். போகையில ஒரு பார்வை பாத்தாராம். அன்னைலருந்து, கடைசி ஆளு கை கழுவுற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் வாயில வைக்க மாட்டோம். பச்சப் பிள்ளைகூட."

"கடைசி ஆள் எப்போ கை கழுவுவார்?"

"பதினொண்ணு. சந்தை நாள்னா பன்னெண்டரை."

ஆதிரை குறிப்பேட்டை மூடவில்லை, எழுதவும் இல்லை. பகல் முழுக்க எண்ணெய்ச் சூட்டில் நின்று, பன்னிரண்டு மணிக்கு மிஞ்சிய பரோட்டாவையும் அடிச் சால்னாவையும் வயிறு கொண்ட மட்டும் போட்டுக்கொண்டு, கை ஈரம் காயுமுன் பாயில் சாய்கிற ஒரு குடும்பம் அவள் மனத்தில் வரிசையாக உட்கார்ந்தது. அப்பன், மகன், பேரன். ஒரே பந்தி, அறுபது, எழுபது ஆண்டுகளாக.

"நீங்க எத்தன மணிக்கு மேடம் சாப்புடுவீக?" என்று தட்டைக் கழுவியபடி சுபிக்ஷா கேட்டாள்.

"கோப்பு முடியறப்போ," என்றாள் ஆதிரை. சொன்ன பிறகுதான், அது ஒரு நேரமே அல்ல என்பது அவளுக்கு உறைத்தது. அவள் கணிப்பு ஐம்பத்தெட்டு. எடை எழுபத்தொன்று. கருவியில் ஏதோ பிழை என்று நான்கு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் செய்த காரியத்துக்கு ஆணையத்தில் முன்மாதிரி இல்லை. சுபிக்ஷாவை இறக்கிவிட்டு, தர்ஷினியை வட்டப் பலகையில் ஏறச் சொன்னாள்.

"நான் எதுக்கு மேடம்? நான் தேனிக்காரி. இந்த வீட்டு ரத்தமே கெடையாது."

"அதனாலதான்."

தர்ஷினியின் நிழலுரு ஒல்லியாக எழுந்து நின்றது. ஐம்பத்திரண்டு கிலோ. மணமாகி வந்து ஒன்பது ஆண்டுகள் ஆன தர்ஷினியோ எழுபத்தெட்டு. தன் பக்கத்தில் நின்ற அந்த மெலிந்த பெண்ணை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த உடம்பு எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள் மெதுவாக. பிறகு, "இத ஏன் மேடம் இத்தன வருஷமா யாரும் வந்து கேக்கல? சுபி எடை கொறஞ்சதுக்கு மதுரையிலருந்து ஆளு வருது. நான் ஏறுனதுக்கு ஒருத்தரும் வரலியே."

"கீழே இறங்கினா விசாரணை. மேலே ஏறினா சோம்பல்னு கணக்கு. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

ஆதிரை சுபிக்ஷாவின் கணிப்பைத் திரையில் பகுதி பகுதியாகப் பிரித்தாள். சராசரிக்கு மேல் கூட்டியிருந்த முப்பத்தெட்டு கிலோவில், மரபணுவைப் படித்துச் சொன்னது ஆறு கிலோ. மீதி முப்பத்திரண்டும் குடும்ப வரலாறு என்ற தலைப்பின் கீழ் வந்திருந்தது.

"குடும்பத்துல எல்லாரும் பெருத்திருந்தா கருவி அதை ரத்தம்னு எடுத்துக்குது," என்று சுபிக்ஷாவுக்கு விளக்கினாள். "எல்லாரும் ஒரே அடுக்களையில, ஒரே நேரத்துல சாப்பிட்டாங்களான்னு அதுகிட்ட யாரும் சொல்லலை. வேற ரத்தத்துல இருந்து வந்த உங்க மதினிக்கும் அதே உடம்பு வந்திருக்கு. உங்க வீட்டுல ரத்தத்துல இறங்கினது கொஞ்சம்தான். மத்ததெல்லாம் பந்தி நேரத்துல இறங்கினது."

"அந்த ஆறு கிலோ?"

"அது போகாது. அதோடதான் இருக்கணும்."

"இருக்கட்டும். எங்கம்மா குடுத்தது," என்றாள் சுபிக்ஷா.

அப்போதே சான்றை எழுதிவிடலாம் என்று ஆதிரை உட்கார்ந்தாள். குடும்ப வரலாற்று மதிப்பை முப்பத்திரண்டிலிருந்து திருத்தி, ஒப்பமிட வேண்டிய இடத்தில் விரலை வைக்கப் போனவள், திரையின் ஓரத்தில் எழுந்த ஒரு வரியைக் கண்டு கையை எடுத்தாள். இந்த மதிப்பு மேலும் ஒரு கோப்போடு இணைக்கப்பட்டுள்ளது. அதுவும் தானாகத் திருத்தப்படும்.

அந்த இன்னொரு கோப்பு சர்வேஷுடையது.

உள்ளறையில் மூவரையும் வைத்துக்கொண்டு அதை அவள் சொன்னாள். மறைத்து எழுத அவளால் முடிந்திருக்கும், மறைக்கத் தோன்றவில்லை.

"இப்போ உங்க எடையும் அதால வந்த ஈரல் நோயும் மரபுன்னு பதிவாகியிருக்கு. அதனாலதான் உடனே அறுவை செய்யச் சம்மதிச்சிருக்காங்க. இந்த எடை ரத்தத்துல வந்ததில்லை, பழக்கத்துல வந்ததுன்னு இவங்களுக்காக நான் எழுதினா, அதே வரி உங்க கோப்புலயும் ஏறும். உங்க நோய் வாழ்முறைன்னு மாறிடும். வாழ்முறைன்னா, பழக்கத்தை மாத்திட்டேன்னு காட்ட ஒரு வருஷம் காத்திருக்கணும்."

"ஒரு வருஷமா?" என்றாள் தர்ஷினி. "அப்ப எழுதாதீக மேடம்."

"எழுதலைன்னா இவங்க கொடுக்க முடியாது."

கடையில் கல்லின் மேல் எண்ணெய் சடசடத்தது. தங்கை உழைத்துக் குறைத்தாள் என்று நிரூபித்தால், அண்ணன் தின்று கெட்டான் என்று நிரூபித்ததாகும். ஒருத்தியின் உழைப்பை மெச்ச எடுத்த அதே மையால் இன்னொருவன் மேல் பழி எழுதப்படுகிறது. கோப்பில் இரண்டே கட்டங்கள்: மரபு, வாழ்முறை. ஒன்று யாரும் பொறுப்பில்லை என்கிறது, மற்றது நீயே பொறுப்பு என்கிறது. மனிதர்கள் வாழ்கிற இடத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டமே போடவில்லை என்று ஆதிரைக்குப் பட்டது.

சர்வேஷ்தான் முதலில் வாயைத் திறந்தான். "நான்தான தின்னேன். பழியையும் நானே தின்னுட்டுப் போறேன். ஏ சுபி, அழுகாத. நீ ரெண்டரை வருஷமாக் கொறச்சது வீண் போகாது. நீ நல்லா இரு."

"பேசாம படுண்ணே. உனக்காகக் கொறச்சேன், எனக்காகவா கொறச்சேன்?"

"எனக்கு ஈரல் சுருங்குனது போன வருஷம்தானடி தெரிஞ்சது. நீ அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்ட."

சுபிக்ஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, மொதப் பாதி எனக்காக," என்றாள். அந்த நிலையிலும் தர்ஷினி சிரித்துவிட்டாள்.

"எத்தனை வயசுல கல்லுக்கு வந்தீங்க?" என்று ஆதிரை திடீரென்று கேட்டாள்.

"ஒம்போது. அப்பாவுக்குக் கால்ல புண்ணு. நான் மாவு உருட்டிக் குடுத்தேன்."

"பசிக்காதா?"

சர்வேஷ் அந்தக் கேள்வியைப் புதிதாகக் கேட்பவன்போல் யோசித்தான். "பசிக்கும். எட்டு மணிக்கு வரும் பாருங்க ஒரு பசி. பத்து மணிக்கு அது செத்துப் போயிரும். அப்பறம் பன்னெண்டு மணிக்கு உக்காந்தா, எது பசி எது ருசின்னு தெரியாது. போட்டதெல்லாம் உள்ள போகும்."

"வேலை நேரத்துல சாப்பிட வழி இருந்துச்சா?"

"வேலையே அதுதான மேடம். அடுத்தவுகளுக்குப் பசியாத்துறது."

மூன்றாம் நாள் மாலை மதுரை திரும்பும் பேருந்தில் ஆதிரை சர்வேஷ் கடைசியாகச் சொன்ன இரு வாக்கியங்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிவகாசிப் பகுதியில் இரண்டு ஆண்டுகள் கோப்பு எழுதியவள் அவள். பட்டாசு வேலை செய்தவர்களின் நுரையீரலை யாரும் மரபு என்றும் எழுதவில்லை, வாழ்முறை என்றும் எழுதவில்லை. அதற்கென்று தனிப் படிவம் இருந்தது; அதற்கு ஓராண்டுக் காத்திருப்பும் கிடையாது. அந்தப் படிவத்தை யாரும் நீக்கிவிடவில்லை. பரோட்டாக் கடை போன்ற இடங்களுக்கு அதைத் தேடுவோர்தான் இல்லை.

தொழில்சார் பாதிப்பு. காரணம்: தூசு, இரைச்சல், வெப்பம், இரசாயனம், பிற.

'பிற' என்ற கட்டத்தில் அவள் எழுதினாள்: 'தள்ளிப்போடப்பட்ட பசி. பாதிப்பு தொடங்கிய வயது ஒன்பது. பணியிடத்தில் உணவுக்கு இடைவேளை இல்லை. அதே பணியிடத்துக்கு வெளியூரிலிருந்து வந்த, இரத்த உறவில்லாத ஒருவருக்கும் இதே பாதிப்பு. பணியில் இருந்தபடியே இடைவேளை எடுத்துக்கொண்ட ஒருவரிடம் பாதிப்பு நீங்கியுள்ளது.' இரண்டு கோப்புகளிலும் அதே வரி ஏறியது. தங்கையின் கோப்பில் அது சான்று. அண்ணனின் கோப்பில் அது மன்னிப்பு அல்ல, வெறும் உண்மை.

பதினோராம் நாள் ஆணை வந்தது. இருவருக்கும் அனுமதி. கீழே, தொழில்சார் படிவங்களுக்கெல்லாம் வழக்கமாக வரும் ஒரு நிபந்தனை இருந்தது: பாதிப்புக்குக் காரணமான நடைமுறை பணியிடத்தில் நீக்கப்பட்டதை ஆய்வாளர் நேரில் கண்டு பதிய வேண்டும், அதன் பின்னரே அறுவை.

ஆதிரை விருதுநகரில் இறங்கிக் கடைக்கு வந்தபோது மணி ஆறு நாற்பது. ரயில்வே கேட் மூடியிருந்தது. கடை வாசலில் புதிதாக ஒரு அட்டை தொங்கியது: 'மாலை ஆறரை முதல் ஏழு வரை கடைக்காரர்கள் சாப்பிடும் நேரம். பொறுத்தருளவும்.' எழுத்து தர்ஷினியுடையது என்பது பார்த்ததும் தெரிந்தது. 'பொறுத்தருளவும்' என்பதை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள்.

உள்ளே முன்கூடத்தில், வாடிக்கையாளர் உட்காரும் மேசையிலேயே, தட்டுகள் வைத்திருந்தார்கள். கல்லில் நின்றவரும் கை கழுவி உட்கார்ந்திருந்தார். சர்வேஷைத் தாங்கிக்கொண்டுவந்து நாற்காலியில் இருத்தியிருந்தார்கள். அவன் முன்னால் உப்புப் போடாத கீரையும் இரண்டு தோசையும் ஆறிக்கொண்டிருந்தன. தோசையின் ஓரத்தைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தான். கை பாதி வழியில் நின்றிருந்தது.

"பத்து நிமிசமா இப்படியே இருக்காரு மேடம்," என்றாள் தர்ஷினி. "நேத்து ஒத்திகை பாத்தப்பவும் இதே கூத்து. வாய்கிட்ட போகும், வாசலப் பாக்கும், கீழ எறங்கும்."

"வரமாட்டேங்குதுங்க," என்றான் சர்வேஷ். அவன் குரலில் பிடிவாதம் இல்லை, வெட்கம் இருந்தது. "உசுரு போற காரியம்னு புரியுது. ஆனா தொண்டை தெறக்க மாட்டேங்குது. ஒரு ஆளாவது சாப்பிட்டு எந்திரிச்சிருந்தா…"

"அண்ணே, உனக்கு ஈரல் குடுக்கப் போறவ நான் சாப்பிடுறேன். பத்தாதா?"

"நீ வீட்டாளு."

ஆதிரை வாசலிலேயே நின்றாள். அவள் கருவி பதிவுக்காகக் காத்திருந்தது. உண்டான் அல்லது உண்ணவில்லை. இதற்கும் இரண்டே கட்டங்கள். பிறகு கழுத்தில் தொங்கிய ஆணைய அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்து, சர்வேஷுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ரெண்டு தோசை வைங்க. வாடிக்கைக்காரியா வந்திருக்கேன்."

"விதி?" என்றாள் சுபிக்ஷா.

"அது ஆய்வாளருக்கு. பசிக்குதுங்க."

அது பொய்யில்லை. பொழுது அடங்கிய கையோடே அவளுக்குப் பசித்தது. அப்படியொரு பசி தனக்கு வருவதுண்டா என்றுகூட அவள் மறந்திருந்தாள். சுபிக்ஷா இலையைப் போட்டு, தோசையை வைத்து, கீரையை ஊற்றினாள். சர்வேஷ் அறிய அந்தக் கடைக்கு வந்துவிட்டு வெறும் வயிற்றோடு போன முதல் ஆள், முதல் வாயைப் பிய்த்து உண்டாள்.

சர்வேஷ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விழுங்கிய பிறகு, பாதி வழியில் நின்ற தன் கையை உயர்த்தி, அந்தத் துண்டை வாயில் போட்டான். மென்றான். கண் கலங்கியது.

"உப்பே இல்லடி," என்றான். பிறகு அடுத்த துண்டைப் பிய்த்தபடி, "ஏ சுபி, உன் ஈரல உள்ள வச்சுட்டா எனக்கும் டாண்ணு ஆறரைக்கே பசிக்குமோ?"

"பசிக்கும். காலைல வெங்காய மூட்டையும் தூக்கச் சொல்லும்."

மூடியிருந்த கேட் திறந்தது. வண்டிகள் நகர்ந்தன. ஒரு லாரி ஓரங்கட்டி நிற்க, ஓட்டுநர் குதித்திறங்கி, அட்டையைப் படிக்காமலே வாசலில் வந்து நின்றார். மேசையில் உட்கார்ந்து உண்டுகொண்டிருந்த கடைக்காரர்களைப் பார்த்ததும் குழம்பினார்.

"என்னண்ணே, கடை இருக்கா இல்லையா?"

சர்வேஷின் வாய் நிறைந்திருந்தது. விழுங்கிவிட்டுப் பதில் சொல்ல அவசரப்பட்டான். தர்ஷினி அவன் தோளை அழுத்தினாள். அவன் மென்றுகொண்டே, காலியாக இருந்த பெஞ்சைக் கையால் காட்டினான்.

லாரிக்காரர் ஒரு பார்வை பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மெதுவாச் சாப்பிடுங்க," என்று உட்கார்ந்தார்.